நைசியாவையும் காணிக்கைப் பையையும் குழப்ப வேண்டாம்

கிறிஸ்தவமே 325இல் நைசியா நகரில் ரோமப் பேரரசன் கொன்ஸ்டன்டைன் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டிச் செய்த மதம் என்கிறார் மேலே உள்ள கட்டுரையை எழுதியவர். அப்படியென்றால் 64இல் ரோம் எரிந்தபோது பேரரசன் நீரோ யாரைப் பிடித்து வதைத்தான்? அதை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒன்றும் கிறிஸ்தவர்களின் நண்பர் இல்லை, கேவலமாகத்தான் எழுதுகிறார். அப்போஸ்தலன் பவுலின் கடிதங்களில் பல அந்தத் தீக்கும் முந்தியவை. நைசியாவில் பேசியது கிறிஸ்து படைக்கப்பட்டவரே என்று ஆரியஸ் என்ற குரு கிளப்பிய பிரச்சினையும் ஈஸ்டர் தேதியும். வேத புத்தகத்தில் எதெது சேர வேண்டும் என்று அங்கே யாரும் வாக்கெடுக்கவில்லை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 புத்தகங்களும் அப்படியே வரும் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் எழுதிய கடிதத்தில்தான் முதலில் கிடைக்கிறது.

சரி, அது ஒரு பக்கம். கீழே கருத்துப் பகுதியில் ஒரு சகோதரர், போதகர்களைக் கேள்வி கேட்டால் சாபம், அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்று 105ஆம் சங்கீதத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். தம்பி, அந்த வசனம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்காக அன்னிய ராஜாக்களுக்குச் சொன்னது, கொழும்பில் மண்டபம் வாடகைக்கு எடுத்து சுகமளிக்கும் கூட்டம் நடத்துபவருக்கு அல்ல. பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். பழைய சபை ஒழுங்கு நூலான டிடாக்கேயில், ஊருக்கு வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து ஒரு போதகருக்கு 'விதை' போட்டார், அதாவது பல மடங்காய்த் திரும்ப வரும் என்று நம்பிக் காணிக்கை கொடுத்தார். கணக்குக் கேட்ட மகனுக்கு விசுவாசம் போதாதாம்! இதைக் கேட்க நாத்திகனாக வேண்டியதில்லை, நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிற ஆள்தான்.