போ எண்டாலும் போகாத அன்ரிவைரஸ்

இண்டைக்கும் அதே கூத்து. பிள்ளை சூம் வகுப்பில இருக்கேக்க திரையின்ர வலது மூலையில அன்ரிவைரஸின்ர செம்மஞ்சள் பெட்டி எழும்பி, "ஆயிரத்துச் சொச்சம் பிரச்சினைகள்!" எண்டு அலறுது. என்ன பிரச்சினை? பிரவுசர் குக்கீயும் டெம்ப் ஃபைலும். குப்பைக்கூடையில கடதாசி கிடக்கிறதைப் பார்த்து "கள்ளன், கள்ளன்" எண்டு கத்துற காவல்காரன். "சரிசெய்" எண்டதை அமத்தினால் ஒண்டையும் சரிசெய்யாது, கார்ட் நம்பர் கேக்கும். அதுவும் டொலரில.

கழட்டுவம் எண்டு போனால்தான் திருவிழா. செட்டிங்ஸ், ஆப்ஸ், அன்இன்ஸ்டோல். வாழையிலை அகலத்தில பச்சைப் பொத்தான்: "பாதுகாப்பைத் தொடர்க". அதுக்குக் கீழ, நுளம்பு காலால எழுதின மாதிரி, சாம்பல் நிறத்தில "அகற்று". அதைத் தேடிப் பிடிச்சு அமத்தினால், "நிச்சயமாகவா?" ஓம். "பிரீமியம் கொஞ்ச நாளைக்குச் சும்மா தாறம், இருங்கோவன்?" வேண்டாம். "ஏன் போறீங்கள்?" எண்டு ஒரு கேள்வித்தாள். "உங்கட தொல்லை தாங்கேலாமல்" எண்ட விடை மட்டும் அதில இல்லை. பிறகு ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் ஆகி வந்தால் பிரவுசர் தானாத் திறந்து, பிரிவுத் துயரம். செத்த வீட்டிலயும் இவ்வளவு ஒப்பாரி இல்லை.

அதோட முடிஞ்சுதோ? இன்ஸ்டோல் பண்ணேக்க முதலே டிக் போட்டு வைச்ச பெட்டியால உள்ள வந்த அந்த அன்ரிவைரஸ் கொம்பனியின்ர சொந்த பிரவுசர் இன்னும் டெஸ்க்டொப்பில குந்தியிருக்கும். இன்னொரு கூத்து, அதின்ர மிச்சம் மீதி கிடந்தால் சிலநேரம் விண்டோஸ் "காவலுக்கு ஆள் நிக்குது" எண்டு நம்பி, தன்னோட வாற அன்ரிவைரஸான டிஃபெண்டரை நிப்பாட்டியே வைச்சிருக்கும். ஆளும் இல்லை, காவலும் இல்லை. ஷிஃப்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ரீஸ்டார்ட் குடுங்கோ. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், திரும்ப ரீஸ்டார்ட், பிறகு கீபோர்டில 4. சேஃப் மோட் வரும், அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வைச்சு எழும்பும். அந்தக் கொம்பனியே தாற அகற்றும் டூலை முதலே இறக்கி வைச்சிருங்கோ, அதை இங்க ஓட விடவேணும். முடிய விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள போய் ரியல் டைம் ப்ரொடெக்ஷன் ஓனில இருக்கோ எண்டு பாருங்கோ.

இத்தனைக்கும் விண்டோஸ் 8 வந்த 2012இல இருந்து டிஃபெண்டர் உள்ளுக்கயே இருக்கு. காசும் கேக்காது, கத்தவும் கத்தாது. அதை நித்திரையாக்கிப்போட்டுத்தான் இந்த வாய்காரனைக் கூப்பிடுறம்! அவாஸ்ட் எண்ட அன்ரிவைரஸ் ஆக்கள் பாவிக்கிறவையின்ர பிரவுசிங் விபரத்தை வித்ததுக்கு 2024இல அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்ட வைச்சது. "அப்ப ஏவிஜி போடுறன், அவிரா போடுறன்" எண்டால், நோர்ட்டனோட சேர்த்து எல்லாம் இப்ப ஒரே முதலாளிதான். ஒரு வீட்டுக்கு நாலு படலை.

உண்மையா வைரஸ் வாறது எதால? ஒண்டு, பஸ் ஸ்டாண்டடிக் கொம்யூனிகேஷன் கடையில பிரிண்ட் எடுக்கக் குடுத்த பென்ட்ரைவால. ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறி நிக்கும். அதைக் கிளிக் பண்ணினீங்களோ, வீட்டுக் கொம்பியூட்டருக்கும் தொத்திடும். பதறி ஃபோர்மட்டும் அடிக்காதேங்கோ. அனேகமா ஃபைல் உள்ளதான் ஒளிஞ்சு கிடக்கும். முதல்ல டிஃபெண்டரால ஸ்கேன் பண்ணுங்கோ.

ரீஸ்டார்ட் ஆகும் மட்டும் வாசலுக்குப் போய்க் காத்து வாங்குவம் எண்டால், நேற்றுத் துளிர்த்த செவ்வரத்தையை மான் மொட்டை அடிச்சிட்டு நிக்குது. கேற்றைப் பூட்டினதுதானே? பிறகெப்படி உள்ள வந்தது!