தெளிந்த தண்ணீரையும் நம்பிவிடாதீர்கள்

"குழாய்த் தண்ணீர் பழுப்பாக வந்தால் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, தெளிவாக வந்தால் பயமில்லை" என்று சிலர் சொல்வது தவறு. வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் எங்கள் வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். காலையில் பார்த்தால் குடத்தின் அடியில் செம்மண் மாதிரி படிந்திருக்கும். அது இரும்பு. போர்வெல் தண்ணீரில் கரைந்திருப்பது காற்றுப் பட்டதும் துருவாகிறது. கொதிக்க வைத்தால் போகாது, தெளியவிட்டு வடிகட்ட வேண்டும். சாக்கடை நாற்றமும் அடித்தால் விஷயம் வேறு, அதைக் குடிக்கவே வேண்டாம்.

அப்புறம், பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நிலத்தடி நீரில் ஏறிய உப்புக்கு நிறமே கிடையாது, நாக்கில்தான் கரிக்கும். தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் என்ற உலோகம் நாக்கிலும் தெரியாது. குடிநீரில் அதற்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. அந்த அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர், தெளிவாக இருந்தாலும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள்.