மாப் டீப்பின் முதல் ஆல்பம் ‘தி இன்ஃபேமஸ்’ அல்ல

“மாப் டீப் என்ற அமெரிக்க ராப் இரட்டையரின் முதல் ஆல்பம் 1995-இல் வந்த ‘தி இன்ஃபேமஸ்’, அதற்கு முன் வந்தது வெறும் டெமோ” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

மாப் டீப் என்பது நியூயார்க்கைச் சேர்ந்த ஹேவொக், பிராடிஜி இருவர். இவர்களின் முதல் ஸ்டுடியோ ஆல்பம் ‘ஜுவனைல் ஹெல்’. 1993 ஏப்ரலில் ஃபோர்த் அண்ட் பிராட்வே என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. அப்போது இருவருக்கும் வயது 18. டெமோ என்பது நிறுவனங்களிடம் வாய்ப்புக் கேட்டுக் கொடுக்கும் பதிவு. இதுவோ கடைக்கு வந்த முழு ஆல்பம். ‘பியர் பிரஷர்’ தனிப்பாடலாகவும் வந்தது. அதற்கு இசை டிஜே பிரீமியர், அதன் ரீமிக்ஸ் லார்ஜ் புரொஃபெசர். இருவரும் ராப் உலகின் பெயர்பெற்ற இசைத் தயாரிப்பாளர்கள். இந்தப் பெயர்களைப் பார்த்த பிறகும் டெமோ என்று சொல்வது நியாயமே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. முதல் ஆல்பம் விற்கவில்லை, நிறுவனம் கைவிட்டது. லவுட் என்ற இசை நிறுவனத்துக்கு மாறியபின் வந்த ‘தி இன்ஃபேமஸ்’ ஆல்பத்துக்கு ஹேவொக்கே பெரும்பாலான இசையை அமைத்தார், ராப் கலைஞர் கியூ-டிப்பும் கைகொடுத்தார். அவர்களுக்கே உரிய இருண்ட ஒலி அங்கேதான் முழுமையாகக் கூடிவந்தது. புகழும் அப்போதுதான்.

சரிபார்க்க, ஆல்பம் உறையின் பின்பக்கம் வட்டத்துக்குள் ‘P’ எழுத்தை அடுத்துள்ள ஆண்டைப் பாருங்கள். அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. செயலிகள் காட்டும் தேதியை மட்டும் நம்பாதீர்கள், பல நேரம் அது மறுவெளியீட்டின் தேதி.