ஒரே நாளில் மகாபலிபுரம் வரை எல்லாத்தையும் பார்த்துவிட வேண்டுமா?

மே கடைசி வாரம் வந்துவிட்டால் சென்னையில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். ஸ்கூல் திறக்கப் போகுது, பிள்ளைகளை எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே! உடனே ஒரு வேன் பேசி, முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, மகாபலிபுரம், திரும்பும் வழியில் ஏதாவது ஒரு மால் என்று இரண்டு மாத லீவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைத்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பகல் 12 மணிக்கு ஐந்து ரதம் பக்கம் போய்ப் பாருங்கள். தரையில் கால் வைக்க முடியாது, கடைக்குட்டி இடுப்பை விட்டு இறங்காது, பெரியது "அம்மா, எப்ப வீட்டுக்குப் போவோம்" என்று ஆரம்பித்திருக்கும், மாமா மட்டும் எல்லாரையும் யானைச் சிற்பத்துக்கு முன்னால் நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். இதில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியது யார், வேனில் வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைத்தது யார், ராத்திரி வந்து அத்தனை டப்பாவையும் கழுவப் போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அவுட்டிங் என்று பெயர், ஆனால் வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்கு இரண்டு ஷிப்ட் வேலை.

இந்த ஊர் வெயிலில் சுற்றுவதற்கு இரண்டு நேரம்தான். காலை பத்தரை வரை, அப்புறம் கடற்காற்று வந்த பிறகு. தரை சூடாகி அதன் மேல் உள்ள காற்று மேலே எழும்பினால்தான் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மே கடைசியில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பலமாக இருந்தால் அது வழியை மறித்துக்கொள்ளும், கடற்காற்று வரப் பிற்பகல் ஆகிவிடும். அதனால்தான் அக்னி நட்சத்திரம் முடிந்தும் 41, 42 டிகிரி அடிக்கிறது. 2023-ல் ஸ்கூல் திறப்பதையே ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கடலோரம் முதலில் குளிரும், மீனம்பாக்கம் வண்டலூர் பக்கம் பிறகுதான். ஆகவே கடலை விட்டுத் தள்ளி இருக்கும் இடங்களுக்குக் காலையில், கடல் பக்கம் சாயங்காலம். ஒரு நாளைக்கு ஒரு இடம், நடுவில் வீட்டுக்கு வந்து தூங்கலாம்.

எழும்பூர் மியூசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை லீவு. எலக்ட்ரிக் டிரெயினில் போய் எழும்பூரில் இறங்கினால் பக்கம். போகிற போக்கில் எல்லாக் கட்டிடத்தையும் பார்க்க நினைக்காதீர்கள், கால் கழன்றுவிடும். திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று பிள்ளைகள் வாயைப் பிளக்கட்டும், அப்புறம் வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் கொஞ்ச நேரம். தூக்கிய காலைவிட, காலடியில் கிடக்கிற முயலகன்தான் பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவான். "அவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வண்டலூரில் இருக்கும் மிருகக்காட்சிசாலையும் 1855-ல் இந்த வளாகத்தில்தான் ஆரம்பித்தது. அப்புறம் சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூருக்குக் குடிபோனது.

வண்டலூர் போவதென்றால் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பதினொரு மணிக்கு மேல் புலி சிங்கம் எல்லாம் நிழலில் படுத்துவிடும், நாம் கம்பிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டு "அதோ பார், வால் தெரியுது" என்று காட்ட வேண்டியதுதான்.

மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் போங்கள், பார்க்கிங் தேடி அலைய வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் காசே இல்லை, 2021-லிருந்து. நமக்குக் கிழக்குக் கடற்கரை, சூரியன் பின்னால் ஊருக்குள் மறையும். பௌர்ணமி அன்று போனால் அதே நேரத்துக்கு நிலா கடலிலிருந்து சிவப்பாக எழும்பும். வைகாசி பௌர்ணமி பெரும்பாலும் இந்த லீவு முடிகிற சமயத்தில்தான் வருகிறது, அதைப் பார்க்க டிக்கெட்டும் கிடையாது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி தாராளமாகச் சாப்பிடலாம். மீன் மட்டும் விலை கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, சின்னப் படகுகள் கரையோரம் பிடிப்பதுதான் வரத்து. பெரிய வஞ்சிரத் துண்டு என்று சொல்லி நீட்டினால், எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவே கூடாது, மெரினாவில் கொஞ்ச தூரத்திலேயே தரை சரிந்து ஆழமாகிவிடும்.

இன்னொன்று, இதை ஆண்கள் யாரும் யோசிப்பதே இல்லை. பாத்ரூம். பாட்டியும் அம்மாவும் வயசுக்கு வந்த பிள்ளையும் கிளம்புவதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், போகிற இடத்தில் எப்படி இருக்குமோ என்ற பயத்தில். 40 டிகிரி வெயிலில்! தலைவலி வந்தால் வெயில் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் இப்போது சட்டம் இதுதான்: அங்கே பாத்ரூம் திறந்திருக்குமா, தண்ணீர் வருமா என்று விசாரித்துச் சொல்கிறவர்தான் பிளான் போடலாம். சாப்பாடு வெளியே, டப்பா கட்டுகிற பேச்சே கிடையாது.