20 தோட்டாவுக்கு 25 டாலரா?

சனிக்கிழமை கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாளாகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்காவது கொட்டித் தீர்த்தால்தான் தூக்கம் வரும். மோசின் என்ற பழைய ரஷ்ய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை, முதல் வரியிலேயே புரிந்திருக்கும்.

கத்தி விற்பவருக்கும் பழைய ராணுவச் சட்டை விற்பவருக்கும் நடுவில் ஒரு மேசை. தூரத்திலிருந்தே கண்ணில் பட்டுவிட்டது. பச்சைச் சாயம் அடித்த தகரக் கேன், மேலே கறுப்பில் ரஷ்ய எழுத்து. ஸ்பாம் கேன்! மோசின் தோட்டாவைச் சீல் வைத்து அடைத்த ராணுவ டப்பா. மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் இரண்டு பேரை இடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

கிட்டே போனால் கடைக்காரர் கேனின் வாயை அறுத்துத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே இருந்த பொட்டலங்களை எடுத்துப் பலகாரக் கடை மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கிறார். அதே பழுப்புக் காகிதம், அதே நூல் கட்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர். 25 டாலர்.

ஒரு பொட்டலத்தில் 20 தோட்டா. ஒரு கேனில் 22 பொட்டலம், மொத்தம் 440. அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். 550 டாலர். ஒரு கேனுக்கு 550 டாலர்! 2011ல் இதே கேனை நான் 89 டாலருக்கு வாங்கினேன். ரைஃபிளே 99 டாலர்தான். மொத்தமும் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்து, மீதிக் காசில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"முழுக் கேன் இருக்கிறதா?" என்று கேட்டேன். முழுதாக விற்பதில்லையாம். "நாலு பொட்டலம் எடுத்தால் குறைப்பீர்களா?" மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சரி, பிரித்தாவது பார்க்கலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்து நூலில் விரலை வைத்தேன். அவ்வளவுதான், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "நூலை அவிழ்த்தால் மதிப்புப் போய்விடும். இது கலெக்டர் ஐட்டம்."

கலெக்டர் ஐட்டமா? அந்த வார்த்தையில்தான் எனக்குத் தலைக்கேறியது. 1970களில் நோவோசிபிர்ஸ்க் ஆலையில் இரவும் பகலும் அச்சடித்துத் தள்ளிய சரக்கு. தோட்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் 188 என்று அந்த ஆலையின் எண் இருக்கும், எதிர்ப்பக்கம் வருடத்தின் இரண்டு இலக்கம் இருக்கும். பித்தளை கூட இல்லை, இரும்புக் கூடு. நுனியில் வெள்ளிச் சாயம். சேற்றில் படுத்திருக்கும் சிப்பாய் பல்லால் கூட நூலை அவிழ்க்கட்டும் என்று கட்டிய பொட்டலம் அது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்யச் சொல்கிறார். மோசின் நாகந்த் எத்தனை செய்தார்கள்? 3 கோடிக்கும் மேல். உலகத்திலேயே அரிதான பொருள் போலப் பேசுகிறார்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டா கரோசிவ், அதாவது துப்பாக்கியை அரிக்கும் ரகம். ப்ரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் பொறி வைக்கும் மருந்தில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகத் துப்பாக்கிக் குழாய்க்குள் படியும். உப்புத்தான், சந்தேகமே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம் டெக்சாஸ் புழுக்கத்தில் ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் குழாய்க்குள் செம்மண் நிறத்தில் துரு. சுட்டுவிட்டு வந்து கெட்டிலில் வெந்நீர் வைத்து, புனல் வைத்து ஊற்றி, துணி விட்டுத் துடைத்து, குழாயின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் முகத்தையும் கழுவி, எண்ணெய் போட்டுத்தான் படுக்க வேண்டும். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், எண்ணெய் கரைக்காது. முதல் வருடம் அது தெரியாமல் வெறும் எண்ணெய் போட்டு வைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செர்பியாவில் இன்றைக்கும் செய்கிற புதுத் தோட்டா, பித்தளைக் கூடு, உப்புத் தொல்லை இல்லை, கூட்டை எடுத்து மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம், அதுவும் கிட்டத்தட்ட இதே விலைதான். அரை நூற்றாண்டு தாண்டிய உப்புச் சரக்குக்கும் புதுச் சரக்குக்கும் ஒரே விலை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

சரக்கு ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2013ல் கடை அலமாரியெல்லாம் காலியானபோதே சுதாரித்திருக்க வேண்டும். அப்புறம் 2020ல் கொரோனாவோடு சேர்ந்து தோட்டாவுக்கும் பஞ்சம். 2021 ஆகஸ்டில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்ததற்காக, ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இனிப் புது இறக்குமதி அனுமதி கிடையாது என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. செப்டம்பர் 7 முதல் அமல். அறிவிப்பு வந்த ராத்திரியே ஆளாளுக்கு வாங்கிக் குவித்ததை மறக்க முடியுமா? அடுத்த வருடம் உக்ரைன் போர். 1891ல் பிறந்த தோட்டா என்றாலும் இன்றைக்கும் பிகேஎம் மெஷின் கன் தின்பது இதைத்தான், திராகுனோவ் ஸ்னைப்பர் ரைஃபிளும் இதைத்தான் சுடுகிறது. கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகளில் கிடந்ததெல்லாம் நமக்கு வராமல் அங்கே போனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சுடுகிறவனுக்குத்தான் முதல் உரிமை.

என் ஆத்திரம் அதன் மேல் இல்லை. போரும் தடையும் வருவதற்கு முன்னால் பெட்டி பெட்டியாக, ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு கேன் வீதம் வாங்கிக் கராஜில் அடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு ரவுண்டு கூடச் சுடாமல், விலை ஏறும் வரை குந்தியிருந்தார்களே, அவர்கள் மேல். 8 மில்லிமீட்டர் மவுசர் என்ற ஜெர்மன் ரைஃபிளுக்கு வந்த துருக்கிச் சரக்கும் இப்படித்தான் போனது. கராண்ட் என்ற அமெரிக்க ரைஃபிளுக்கு வந்த கிரேக்கச் சரக்கும் இப்படித்தான் போனது. நல்ல ரைஃபிளெல்லாம் சுவரில் தொங்குகிறது, தோட்டாவெல்லாம் பதுக்கல்காரன் கராஜில் தூங்குகிறது.

ஆன்லைனில் வாங்கலாமே என்று யாராவது சொல்ல வருகிறீர்களா? வேண்டாம். போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன். விலை கொஞ்சம் பரவாயில்லை என்று கூடையில் போட்டேன். கேன் ஒன்று 25 பவுண்டுக்கு மேல் கனம். அனுப்பும் கட்டணம், கையாளும் கட்டணம், காப்பீடு என்று ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டே வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூடிவிட்டேன்.

கடைசியில் என்ன செய்தேன்? வாங்கினேன். இரண்டு பொட்டலம். வீட்டில் ஒன்றுமே இல்லை, என்ன செய்வது? என் ரைஃபிள் 1943ல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் செய்தது. போல்ட் ஓடும் உடல் பகுதியான ரிசீவரின் மேல் கடைசல் கோடு இன்னும் வரி வரியாகத் தெரியும், வழவழப்பாக்க நேரமில்லாமல் போர்முனைக்கு அனுப்பிய காலம். விரலால் தடவிப் பார்த்தால் அந்த அவசரம் தெரியும். அதை ஆறு மாதமாகச் சும்மா பூட்டி வைத்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. கார்டை நீட்டினேன். கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதலாம். அதையும் கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பையன் நூலை அவிழ்த்தான், ஒரு தோட்டாவை எடுத்தான், மேசையில் இருந்த காந்தத்தை நுனியில் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இரும்பு. இங்கே சுட முடியாது." பின்சுவர் கெடுமாம், பொறி பறக்குமாம். விதி விதிதான், பையன் மேல் தப்பில்லை. ஆனால் 25 டாலர் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துவிட்டானே! இனி அது கலெக்டர் ஐட்டமும் இல்லை. சுடலாம் என்றால் வெளி ரேஞ்ச் 40 மைல் தள்ளி இருக்கிறது, அன்றைக்கு அங்கே போட்டி, பொதுமக்களுக்கு அனுமதியில்லை.

ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், ஒரு ராட்சத பிக்கப் வண்டியை எவனோ என் காரோடு ஒட்ட நிறுத்தியிருக்கிறான். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு முழம்! அந்தப் பக்கம் இரண்டு வண்டி நிறுத்த இடம் காலியாகக் கிடக்கிறது. டிரைவர் கதவு நாலு விரல் கூடத் திறக்கவில்லை. ரைஃபிளைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, பக்கத்து சீட்டுக் கதவு வழியாக ஏறி, கியர் குச்சியைத் தாண்டி, முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவ்வளவு பெரிய வண்டி வாங்கத் தெரிகிறது, தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாதா ஐயா?