கர்ப்பால் சிங்கின் வாரிசுகளிடம் ஒரு கேள்வி

ஏப்ரல் 17 வந்தால் போதும், 2014இல் அதே நாளில் மறைந்த மலேசிய எதிர்க்கட்சி அரசியல்வாதி, வழக்கறிஞர் கர்ப்பால் சிங் படம் முகநூலில் சுற்ற ஆரம்பித்துவிடும். 'ஜெலுத்தோங் புலி' என்று தலைப்பு, கீழே இரண்டு வரிப் புகழ். ஆளுங்கூட்டணியின் இந்தியர் கட்சித் தலைவர் சாமிவேலுவோடு நடந்த வாய்ச்சண்டையில், 'நீங்கள் சிங்கமாகவே இருங்கள், நான் புலி; மலேசியாவில் சிங்கமே கிடையாது' என்று அவர் சொன்னதிலிருந்து வந்த பட்டம் என்பார்கள். ரசிக்கலாம். ஆனால் உறுமலுக்காக மட்டும் நினைக்க வேண்டிய ஆள் இல்லை அவர்.

1940இல் பினாங்கில் பிறந்தவர். அப்பா பஞ்சாபிலிருந்து வந்து காவலாளி வேலை பார்த்துக்கொண்டு மாடும் வளர்த்தவர். சிங்கப்பூரில் சட்டம் படித்துவிட்டு, 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு ஜனநாயக செயல் கட்சியில் (ஜசெக) சேர்ந்தார். 1978 முதல் 1999 வரை பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதி எம்.பி. 2004இலிருந்து புக்கிட் குளுகோர். 1987இல் எதிர்க்கட்சியினரையும் சமூக ஆர்வலர்களையும் கூட்டமாகக் கைது செய்த லாலாங் நடவடிக்கையில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் இசா சட்டத்தின் கீழ் உள்ளே போனார். அடுத்த வருடம் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைக்கே, சில மணி நேரத்தில், மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1989 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

அரசுக்கோ சுல்தான்களுக்கோ எதிரான பேச்சைத் தண்டிக்கும் தேச நிந்தனைச் சட்டம் அவரை விடாமல் துரத்தியது. முதல் தடவை, பதவி நீக்கப்பட்ட துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் வழக்கறிஞராக நின்றபோது. 1999இல் அன்வார் உடலில் ஆர்சனிக் விஷம் கலந்திருப்பதாகப் பேச்சு எழ, மேல்மட்டத்தில் இருப்பவர்கள்மேல் சந்தேகம் இருக்கிறது என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். வாதாடும்போது சொன்ன வார்த்தைக்கு ஒரு வக்கீல்மேல் வழக்கு! 2002இல் கைவிட்டார்கள். இரண்டாவது, 2009இல் பேராக் மாநில ஆட்சி கைமாறிய குழப்பம். மந்திரி பெசாரை (மாநில முதல்வரை) விலக்கிய சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றார், அவ்வளவுதான். அதே கேள்வியை நீதிமன்றமும் எடுத்து விசாரித்தது. அப்படியும் 2014 மார்ச்சில் இவருக்கு 4,000 ரிங்கிட் அபராதம். எம்.பி. பதவியே பறிபோகக்கூடிய தொகை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ஏப்ரலில், கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் இறந்தார். அவர் குற்றவாளி இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2019இல்.

இஸ்லாமிய நாடு என்ற பேச்சுக்கு 'என் பிணத்தின் மேல்தான்' என்று பதில் சொன்னவர். வார்த்தை முரடு, நிலைப்பாடு சரி என்பது என் கருத்து. ஆனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயத்தால். ஆளுங்கட்சி எம்.பி.க்களை இழுத்து ஆட்சி அமைக்க அன்வார் போட்ட திட்டத்தை எதிர்க்கட்சிக் கூட்டணிக்குள் இருந்துகொண்டே பகிரங்கமாகச் சாடினார். தாவல் யார் பக்கம் நடந்தாலும் தாவல்தானே! அப்புறம் அதே அன்வாருக்காக இரண்டாவது ஓரினப் புணர்ச்சி வழக்கில் வாதாடினார். 2005 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. கையும் முழுசாக வசப்படாத நிலையில் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு வந்துபோனார். தான் திட்டிய ஒருவருக்காக இப்படி உழைக்கிறவர்கள் எந்தக் கட்சியில் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

கட்டாயத் தூக்குத் தண்டனை இன்னொன்று. போதைப்பொருள் வழக்குகளில் தூக்கை எதிர்நோக்கியவர்களுக்காக ஆயுள் முழுக்க வாதாடினார். அப்படி அவர் வாதாடியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியர் கெவின் பார்லோவை 1986இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த துணை அமைச்சர் யார் தெரியுமா? ராம்கர்ப்பால் சிங், அவருடைய மகன். அந்தக் கணக்கு ஓரளவு தீர்ந்தது.

தேச நிந்தனைச் சட்டம் மட்டும் 1948இலிருந்து இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒழிப்போம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்த கூட்டணி இன்று ஆட்சியில் இருக்கிறது. பிரதமர் அன்வார். ஜசெக தலைவர், கர்ப்பாலின் இன்னொரு மகன் கோபிந்த் சிங் டியோ. 2018இல் மலேசியாவின் முதல் சீக்கிய அமைச்சரானவர். பினாங்கில் கர்ப்பால் பெயரில் சாலைகூட வைத்தாகிவிட்டது. சரி, அவரைக் குற்றவாளியாக்கிய சட்டத்தை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?