வயதைவிட உயரத்தைப் பாருங்கோ

பிள்ளையைக் கம்பித் தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு எப்போது மாற்றுவது என்பதுபற்றி வந்த ஒரு கட்டுரை, இரண்டு வயது முடிந்ததும் மாற்றலாம் என்று சொல்கிறது. வயதைவிட உயரம்தான் முக்கியம். பிள்ளை ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் வளர்ந்துவிட்டால், அல்லது நிற்கும்போது தொட்டில் கம்பியின் மேல்விளிம்பு அதன் நெஞ்சளவில் இருந்தால், தாமதிக்க வேண்டாம். காலைத் தூக்கிப் போட்டுத் தலைகீழாக விழும்.

முதலில் மெத்தையை நிலத்தில் போடுங்கோ. பகலில் நிமிர்த்தி வையுங்கோ, இல்லாவிட்டால் சீமெந்து நிலத்தின் ஈரத்தில் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கட்டிலுக்கு மாற்றும்போது சுவரோடு தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்காதேங்கோ. கட்டில் மெல்ல மெல்ல நகரும், அந்த இடைவெளியில் சிக்கினால் பிள்ளைக்கு மூச்சே அடைத்துவிடும். நுளம்புவலையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுங்கோ.

கட்டுரை தொடாத ஒன்று கதவு. இனிப் பிள்ளை விடியமுன்னமே தானாக எழும்பி நடக்கும். அலுமாரி சாய்ந்து விழாதபடி அதைச் சுவரோடு இறுக்கிப் பொருத்துங்கோ. எல்லாத்துக்கும் முதல், கிணற்றடிக்குப் போகிற கதவுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போடுங்கோ. மாரியில் கிணற்றுத் தண்ணி மேலே வந்து நிற்கும், கட்டுத் தாழ்ந்த கிணறென்றால் ஒரு இரவுகூடப் பிந்தக் கூடாது.